ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவார்கள்? ஹாஸ்பிஸின் தரத்தை அளப்பது எப்படி

"இனிமேல் மருந்து கேட்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று புற்றுநோய் மருத்துவமனையில் சொல்லி அனுப்பும் நாளில்தான் பல குடும்பங்கள் ஹாஸ்பிஸ் என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்கின்றன. மருத்துவமனை ஒன்றைத் தேர்ந்தெடுக்க நமக்குப் பழக்கம் உண்டு. தெரிந்தவர் யாராவது அங்கே பிழைத்து வந்திருப்பார், அவரிடம் விசாரிப்போம். ஹாஸ்பிஸுக்கு அப்படிச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது, போனவர் திரும்பி வந்து எதையும் சொல்லப் போவதில்லை. கையில் இருப்பதோ இரண்டு மூன்று நாள் அவகாசம். அதனால் கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவெடுக்கிறோம்: டைல்ஸ் தரை, ஏசி, தோட்டம், பிரார்த்தனைக் கூடம். இவை எதுவும் தரத்தைச் சொல்வதில்லை. தரம் எங்கே தெரியும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெயர்ப்பலகையில் தொடங்கும் குழப்பம்

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஒரு கருணை இல்லம் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கும். இல்லத்தின் வேனில் இறந்தவர் உடலும், உயிரோடு இருந்த முதியவரும், காய்கறி மூட்டைகளும் ஒன்றாகப் போனதில் ஆரம்பித்த விவகாரம் அது. குற்றச்சாட்டுகளை நிர்வாகம் மறுத்தது. அதிகாரிகள் ஆய்வு நடத்தினார்கள், அங்கிருந்த முதியவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த இல்லத்தின் பெயரிலும் ஹாஸ்பிஸ் என்ற சொல் இருந்தது. "ஹாஸ்பிஸ் என்றாலே இப்படித்தானா?" என்ற பயம் பலருக்கு அப்போது ஒட்டிக்கொண்டது.

நம் ஊரில் மூன்று வேறு வேறு இடங்களுக்கு இந்தப் பெயர் புழங்குகிறது.

1. முதியோர் அல்லது ஆதரவற்றோர் இல்லம். சோறு, படுக்கை, பாதுகாப்பு இருக்கும். மருத்துவம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

2. படுத்த படுக்கையானவர்களைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இல்லம். குளிப்பாட்டுவார்கள், டயப்பர் மாற்றுவார்கள், மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுப்பார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம்.

3. ஹாஸ்பிஸ். நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்தில் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, குழப்பம், பயம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை தரும் மருத்துவ இடம் இது. சில நேரம் இதற்குக் கட்டடமே இருக்காது, குழு வீட்டுக்கு வரும்.

மூன்றாவதைத் தேடிப் போய் முதலாவதில் சேர்த்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எந்தப் பதிவின் கீழ் இயங்குகிறீர்கள் என்று கேட்டால் பாதி விளங்கிவிடும். மருத்துவம் பார்க்கும் இடமென்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் (1997-இல் வந்த சட்டம், 2018-இல் விதிகள்) பதிவு இருக்க வேண்டும். முதியோர் இல்லங்களின் பதிவு சமூக நலத்துறை பக்கம்.

இன்னொரு சொல்லையும் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பேலியேட்டிவ் கேர் என்பதை நம் அரசு ஆவணங்கள் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை என்கின்றன. நோய் கண்டுபிடித்த நாளிலேயே, கீமோதெரபி நடந்துகொண்டிருக்கும்போதே இது ஆரம்பிக்கலாம். அதன் கடைசிக் கட்டம்தான் ஹாஸ்பிஸ்.

'மொத்த வலி'

இன்றைய ஹாஸ்பிஸின் வரலாறு 1967-இல் லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலிருந்து எண்ணப்படுகிறது. இந்தியாவில் முதலாவது, 1986-இல் மும்பையில் வந்த சாந்தி அவேத்னா சதன். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சங்கம் கேரளத்தின் போக்கையே மாற்றியது. 2008-இல் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம்.

சாண்டர்ஸ் கொடுத்த கருத்து 'மொத்த வலி'. உடம்பு மட்டுமல்ல, மனசும் குடும்பக் கவலையும் சேர்ந்தே வலிக்கும் என்பது. தொண்டைப் புற்று வந்த ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக் கட்டி குத்துகிறது, இது உடல் வலி. வண்டிக்கு வாங்கிய கடனில் பத்துத் தவணை பாக்கி. சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. புண் நாறுவதால் பேரப்பிள்ளை கிட்டே வருவதில்லை. "யாருக்கு என்ன பாவம் செய்தேன்" என்ற கேள்வி ராத்திரியெல்லாம் உறுத்துகிறது. மருந்தை ஏற்றிக்கொண்டே போனாலும் வலி குறையாதவர்களிடம் மருத்துவர் கடைசியில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு பாக்கியைத்தான். அதனால்தான் நல்ல ஹாஸ்பிஸில் டாக்டர், நர்ஸ் இருவரோடு சமூகப் பணியாளரும் இருப்பார். அவர் இல்லாத இடத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை, அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்டால் போதும்.

முதல் கேள்வி: மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள். காரணம் கொஞ்சம் நீளமானது.

புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ஏணிமுறை ஒன்றை வகுத்தது. முதல் படியில் பாராசிட்டமால் போன்றவை, அடுத்ததில் கோடீன் போன்ற மென்மையான அபினி வகை மருந்துகள், கடைசிப் படியில் வலுவான அபினி வகை மருந்தான மார்ஃபின். கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் போல விலை மலிவாக வேலை செய்யும் மருந்து குறைவு. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அபினி விளைவிக்கும் இந்த நாட்டிலேயே நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காமல் செய்துவிட்டது. ஒரு புட்டி வாங்க நாலைந்து உரிமங்கள், அதில் ஒன்று காலாவதியானால் மற்றதும் வீண். சிறைத் தண்டனைப் பயத்தில் மருந்துக்கடைகள் ஒதுங்கிக்கொண்டன, ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினைத் தொடாமலே படித்து முடித்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும் என்றானது. அந்த அங்கீகாரத்துக்கு வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும், இருப்புப் பதிவேடு எழுத வேண்டும்.

ஆகவே "மார்ஃபின் மாத்திரை இருக்கிறது" என்ற பதிலுக்குள் பயிற்சி பெற்ற டாக்டர், அரசு அங்கீகாரம், எழுதப்படும் கணக்கு என்ற மூன்றும் அடங்கிவிடுகின்றன. இந்தியாவின் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கிய குறைந்தபட்சத் தர அளவுகோலும் இடையறாத வாய்வழி மார்ஃபின் இருப்பைக் கட்டாயப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

கிடைக்கும் பதில்களை இப்படி வகைப்படுத்தலாம்.

1. "இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்போம், நடுவில் வலி வந்தால் தனியாக ஒரு மாத்திரை. மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து உண்டு." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மார்ஃபின் சாப்பிடும் அநேகமாக எல்லோருக்கும் மலம் கட்டும். கேட்காமலே அதைச் சொல்பவர் தினமும் மார்ஃபினோடு புழங்குகிறவர்.

2. "வலி வந்தால் ஊசி போடுவோம்." என்ன ஊசி என்று கேளுங்கள். டைக்ளோஃபினாக், டிரமடால் என்றால் ஏணியின் கீழ்ப்படிகளிலேயே நிற்கிறார்கள் என்று அர்த்தம். அதைவிடச் சிக்கல், "வந்தால்" என்ற சொல். வலி வந்த பிறகு துரத்திக்கொண்டு ஓடுவது இந்தத் துறையில் பிழை. மணி பார்த்துக் கொடுத்து வலியை வரவிடாமல் வைப்பதே முறை.

3. "பேட்ச் ஒட்டுவோம்." ஃபென்டனில் பட்டைக்கு இடம் உண்டு, விழுங்க முடியாதவருக்கு அது வரம். ஆனால் விலை அதிகம், அளவை வேகமாகக் கூட்டிக் குறைக்க முடியாது. நாளுக்கு நாள் வலி மாறும் நோயாளிக்கு எடுத்த எடுப்பில் பட்டை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

4. "மார்ஃபினா? கொடுத்தால் அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும்." கும்பிடு போட்டு வெளியே வந்துவிடலாம். சிறு அளவில் தொடங்கி வலியைப் பார்த்துக் கூட்டும்போது மூச்சு நின்றுபோவது அரிது, வலிக்காக மருந்து எடுக்கும் இந்த நோயாளிகள் போதைக்கு அடிமையாவதும் அரிது. இந்தப் பயத்தைப் போக்குவது ஹாஸ்பிஸின் வேலை, அவர்களே பயந்தால் எப்படி?

ஒரு தாளைப் படிப்போம்

நோயாளியின் நிலையையும் கொடுத்த மருந்தையும் நர்ஸ் குறித்து வைக்கும் தாள் ஒன்று இருக்கும். சேர்ப்பதற்கு முன்பே, அதில் எழுதாத காலித் தாள் ஒன்றைக் காட்டச் சொல்லலாம். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருக்கும். வலிக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா? பூஜ்ஜியம் முதல் பத்து வரை நோயாளியே சொல்லும் எண் அதில் ஏற வேண்டும்.

நன்றாகப் பார்க்கப்படும் நோயாளியின் தாள் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலை 6 மணி, வலி 8, மார்ஃபின் 10 மில்லிகிராம். 7 மணிக்கு வலி 4. 10 மணிக்கு அடுத்த வேளை. இரவு படுக்கும்போது இரண்டு வேளைக்கான மாத்திரையும் சேர்த்து, நடுவில் எழுப்ப வேண்டாம் என்ற குறிப்போடு. இருந்தும் 3 மணிக்கு வலி 7, கூடுதல் மாத்திரை, டாக்டருக்குப் போன். மறுநாள் ஒவ்வொரு வேளையும் 15 மில்லிகிராம். ஓரத்தில், "மலம் போய் 2 நாள். பேதி மருந்து கூட்டப்பட்டது."

மோசமான தாளும் பார்த்தவுடன் தெரியும். "வலி உள்ளது. ஊசி போடப்பட்டது. நிலை மாற்றமில்லை." மறுநாளும் அதே மூன்று வரி, அதே கையெழுத்து.

மருந்து கொடுத்தபின் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து "இப்போ எப்படி இருக்குப்பா?" என்று கேட்டு எழுதிய எண்தான் இரண்டு தாள்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்.

இரவுதான் பரீட்சை

"சிஸ்டர், அப்பாவுக்கு நெஞ்சுல கர்கர்னு சத்தம் வருது, என்ன பண்றது?" இந்தப் போன் பகலில் வந்தால் எல்லா இடத்திலும் பதில் கிடைக்கும். தொண்டையில் சளி தேங்கிக் கரகரப்பது, திடீர் மூச்சுத்திணறல், எழுந்து ஓடப் பார்க்கும் குழப்பம் எல்லாம் நேரம் பார்த்து வருவதில்லை. எடுக்க ஆளில்லை என்றால் குடும்பம் 108-ஐக் கூப்பிடும். நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார், அங்கிருந்து ஐசியு, வெண்டிலேட்டர். எதைத் தவிர்க்க ஹாஸ்பிஸுக்கு வந்தார்களோ அதுவே கடைசியில் நடக்கும்.

அமெரிக்காவில் அரசின் மெடிகேர் காப்பீடு ஹாஸ்பிஸ் செலவை ஏற்கிறது, அதற்கு ஈடாக ஒவ்வொரு நிறுவனத்தின் அளவீடுகளையும் பொதுவில் வெளியிடுகிறது. அதில் ஓர் அளவீடு: உயிர் பிரிவதற்கு முந்திய மூன்று நாட்களில் குறைந்தது இரண்டு நாட்களாவது நர்ஸோ மருத்துவ சமூகப் பணியாளரோ நேரில் போனார்களா? நோயாளி இறந்த பிறகு குடும்பத்திடம் கருத்துக்கணிப்பும் உண்டு. மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறையிலும் கேட்டபோது உதவி கிடைத்ததா என்பது அதில் வரும் கேள்வி. கட்டடத்தின் அழகைப் பற்றிய கேள்வியைவிட இது எவ்வளவோ மேல். அங்கேயும் லாப நோக்கில் நடக்கும் நிறுவனங்கள் மீது புகார்கள் உண்டு, எண்களை வெளியிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் எண்கள் இருப்பதால் ஒப்பிடவாவது முடிகிறது.

நம்மிடம் அப்படிப் பொதுவில் வைத்த அளவீடு இல்லை. குடும்பமே சோதிக்க வேண்டியதுதான். சேர்க்கும் முன் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அவர்கள் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார், வாட்ச்மேனா நர்ஸா? "டாக்டர் காலையில்தான் வருவார்" என்றால், அதுவரை மார்ஃபின் கூட்ட நர்ஸுக்கு எழுதிக்கொடுத்த உத்தரவு இருக்கிறதா?

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே அதில் வீட்டுக்கு வரும் வலி நிவாரண, ஆதரவு சேவையும் சேர்ந்திருந்தது. பணமில்லாத குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் முறை வைத்து வரும் சேவை அது. இரவுக்கு யார் என்ற கேள்வியை வருகிற நர்ஸிடமே கேட்டு, ஒரு எண்ணும் நாலைந்து அவசர மாத்திரைகளும் கைவசம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நர்ஸின் கையில் என்ன இருக்கிறது

சுற்றிப் பார்க்கப் போனால் ஞாயிறு மாலை போங்கள், திங்கள் காலை பத்து மணிக்கு எல்லா வார்டும் பளிச்சென்றுதான் இருக்கும். முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள். டெட்டால் வாடை தூக்கலாக இருப்பதும் ஒரு குறிதான், எதையோ மறைக்கிறது. ஆறாத புற்றுப் புண்ணின் நாற்றத்தை மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவியே பெருமளவு அடக்கலாம். மிக மலிவான வைத்தியம், தெரிந்த இடத்தில் நாற்றம் இருக்காது.

அடுத்து, நோயாளிகளின் உதடு. வெடித்துக் காய்ந்திருந்தால் வாய் துடைக்க ஆள் போதவில்லை. பிறகு படுக்கை. நகர முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொது விதி. இரவில் எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர் என்று கேட்டுக் கணக்குப் போட்டால், அது நடக்கக் கூடியதா என்று தெரிந்துவிடும்.

அனுபவமுள்ள இடத்தை அடையாளம் காட்டும் இன்னொரு சின்ன விஷயம் உண்டு. கழுத்தில், தாடையில் புற்று உள்ளவர்களுக்கு ஒருநாள் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் பீறிடலாம். அத்தகைய நோயாளியின் கட்டிலருகே கரும்பச்சை அல்லது கருஞ்சிவப்புத் துண்டுகளை மடித்து வைத்திருப்பார்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பரவுவதைப் பார்த்து நோயாளியும் வீட்டாரும் பதறக் கூடாது என்பதற்காக. இந்தத் துண்டு ஏன் என்று விளக்கத் தெரிந்த நர்ஸ் இருக்கும் இடத்தை நம்பலாம்.

எதைச் செய்ய மறுக்கிறார்கள்?

ஹாஸ்பிஸின் தரத்தில் பாதி, அது செய்யாமல் விடும் காரியங்களில் இருக்கிறது. மாதா மாதம் ஸ்கேன், வாரா வாரம் ரத்தப் பரிசோதனை எழுதும் இடத்தில் ஏதோ இடிக்கிறது.

குளுக்கோஸ் விஷயம் இதைவிட நுட்பமானது. கடைசி நாட்களில் உடம்பு சோற்றையும் தண்ணீரையும் தானாகவே ஒதுக்கும். "பட்டினி போட்டுக் கொல்கிறோமோ" என்று மகன் தவிப்பான். டிரிப் ஏற்றினால் பெரும்பாலும் கால் வீங்கும், நெஞ்சில் நீர் சேர்ந்து கரகரப்பு கூடும். கேட்டவுடன் பாட்டிலை மாட்டுவதும், "அதெல்லாம் கிடையாது" என்று முகத்தில் அடிப்பதும் எளிது. உட்கார வைத்து இதை விளக்கி, ஈரத்துணியால் உதட்டை நனைக்கும் வேலையை மகன் கையிலேயே கொடுக்கிற இடம் வேறு ரகம்.

"அவருக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்பதும் அப்படியே. நோயாளிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே மெல்ல விசாரிக்கத் தெரிந்த இடம் வேண்டும். பெரும்பாலும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். வீட்டாருக்காக அவர் தெரியாதது போல் இருந்திருப்பார்.

ஹாஸ்பிஸ் என்றால் கருணைக்கொலை என்ற சந்தேகமும் சிலருக்கு. சாவை முன்னே இழுப்பது ஹாஸ்பிஸின் வேலை இல்லை, சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. பயனற்ற உயிர்காப்புக் கருவிகளை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேறு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால், முன்கூட்டியே எழுதும் மருத்துவ உயில் செல்லும். சேர்க்கும்போதே இந்தப் பேச்சை ஹாஸ்பிஸ் எடுக்கிறதா என்று பாருங்கள்.

பணம்

சாந்தி அவேத்னா, பெங்களூரின் கருணாஸ்ரயா போன்றவை நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் வாங்குவதால் ஓர் இடம் மட்டமாகிவிடாது, இலவசம் என்பதால் உயர்ந்துவிடவும் செய்யாது. மாதக் கட்டணத்தில் மருந்து, டயப்பர், டிரெஸ்ஸிங் சேருமா, நாலாவது நாளே நோயாளி இறந்துவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேட்கவே கூச்சமான கேள்விதான், ஆனால் தகராறு வருவது இங்கேதான்.

கடைசி மூச்சுக்குப் பிறகு

வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4ஏ-யில் மருத்துவர் எழுதித் தர வேண்டும், மருத்துவ நிறுவனத்துக்குள் என்றால் அது படிவம் 4. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வரும் ஹாஸ்பிஸ் குழுவிடம், "அதிகாலை நாலு மணிக்கு நடந்தால் சான்று யார் தருவார்?" என்று முன்னமே கேட்டு வைக்காத குடும்பங்கள் விடியும்வரை டாக்டர் தேடி அலைகின்றன, அந்தச் சான்று இல்லாமல் சுடுகாட்டில் காரியம் நகராது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, நல்ல குழுவிலிருந்து யாராவது ஒருவர் வீட்டுக்கு வருவார். அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று விசாரிப்பார். கிளம்பும் முன், அலமாரியில் மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரை அட்டைகளைக் கேட்டு வாங்கி, வீட்டார் முன்னாலேயே மாத்திரைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.